தழைச்சத்துக் கணக்கில் ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பின் விவசாயப் பக்கத்தில், மண்ணில் தனித்து வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தருவதைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை வாசித்தேன். நம் மொழி நாளேடு இப்படியொரு பொருளுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அக்கட்டுரையில் இரண்டு வேறு கணக்குகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவரைக் குடும்பத்துக் கொடிகள் வேர்முடிச்சுகளின் வழியாகச் சேர்க்கும் தழைச்சத்தின், அதாவது நைட்ரஜனின், அளவை (ஆண்டுக்கு ஹெக்டருக்கு நூறு கிலோவுக்கு மேல்) எடுத்து, எந்தச் செடியோடும் ஒட்டி வாழாத அசோட்டோபாக்டர் போன்ற நுண்ணுயிர்களின் கணக்கில் கட்டுரையாளர் வரவு வைத்துவிட்டார். அதை நம்பி எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த மூன்று சிறுதோட்டக்காரர்கள், உரத்துக்கென்று எடுத்துவைத்த பணத்தில் நுண்ணுயிர்ப் புட்டி வாங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என் சம்பந்தி. ஆகையால் இக்கடிதத்தை எங்கள் வீட்டு வாக்குவாதத்தின் தொடர்ச்சி என்று தாங்கள் கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை.

நான் ஆய்வாளன் அல்லன். மலேசியாவின் ஜொகூர் ரெங்கம் வட்டாரத்துத் தோட்டமொன்றில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கு எழுத்தராக, இருந்தவன். லாரியில் வந்திறங்கும் உர மூட்டைகளை எண்ணி ஸ்டோரில் அடுக்கச் செய்து, எந்த நிரைக்கு எத்தனை மூட்டை, மரத்துக்கு எத்தனை கிலோ என்று மேற்பார்வையாளரான மண்டோரிடம் எழுதிக் கொடுத்து, மாலையில் காலிச் சாக்குகளை எண்ணித் திரும்ப வாங்கிப் பழகியவனுக்குத் தழைச்சத்து என்ற சொல்லைக் கேட்டதும் கிலோக் கணக்குதான் முதலில் மனத்தில் எழும். 50 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46 விழுக்காடு, அதாவது 23 கிலோ. அதே எடையுள்ள அமோனியம் சல்பேட் மூட்டையில் 21 விழுக்காடு, அதாவது பத்தரைக் கிலோ. இந்த இரண்டு எண்களையும் வாசகர்கள் கையில் வைத்துக்கொண்டால், நுண்ணுயிர் தருவது எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பது எளிதாகிவிடும்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்று கட்டுரை சொன்னது சரியே. ஒரு ஹெக்டர் நிலத்தின் மேல் நிற்கும் காற்றுத் தூணை நிறுத்துப் பார்க்க முடிந்தால் அதில் ஏறத்தாழ 75,000 டன் நைட்ரஜன் இருக்கும். அத்தனையும் தலைக்கு மேலே இருக்க, அதன் கீழே நிற்கும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தழைச்சத்து இல்லாமல் மஞ்சளித்து நிற்பது, கடல் சூழ்ந்த தீவில் குடிதண்ணீர் இல்லாமல் தவிப்பதைப் போன்றது. காற்று நைட்ரஜனில் இரண்டிரண்டு அணுக்கள் மும்மடங்குப் பிணைப்பால் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. செடியால் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது. ஜெர்மானியரான ஹேபர் 1909-இல் ஆய்வகத்தில் அதை அவிழ்த்துக் காட்டினார். 1913-இல் ஓப்பாவ் என்ற ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது. 400 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும், நாம் சுவாசிக்கும் காற்றைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தமும் அதற்குத் தேவைப்பட்டன. 1985-இல் சரவாக்கின் பிந்துலுவில் தொடங்கிய யூரியா ஆலையும், பிறகு கெடாவின் குருணில் வந்த ஆலையும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு செய்வது அடிப்படையில் அதே வேலைதான்.

இந்த வேலையைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், நம் காலடி மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே செய்கிறது என்பது உண்மையிலேயே வியக்கத்தக்கது. அந்த வியப்பில் கட்டுரையாளரோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். நைட்ரோஜினேஸ் என்ற நொதி, இரும்பையும் மாலிப்டினம் என்ற உலோகத்தையும் நடுவில் வைத்துக்கொண்டு, நைட்ரஜனை அமோனியாவாக மாற்றுகிறது. ஆனால் இலவசமாக அன்று. ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க அந்த உயிர் குறைந்தது 16 ஏடிபி மூலக்கூறுகளைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஏடிபி என்பது உயிரணுவுக்குள் புழங்கும் சில்லறைக் காசு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விட்டதுதான் கட்டுரையின் குறை.

தனித்து வாழும் நைட்ரஜன் பிடிப்பான்களை முதலில் கண்டவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி. காற்றே இல்லாத சூழலில் வாழும் கிளாஸ்டிரிடியம் வகை ஒன்றை அவர் 1890-களில் பிரித்தெடுத்தார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெய்ஜெரிங்க் 1901-இல் அசோட்டோபாக்டரை விவரித்தார். இருவரும் கையாண்ட உத்தி ஒன்றே. நைட்ரஜன் துளியும் இல்லாத ஊட்டநீரில் சர்க்கரையை மட்டும் நிறையப் போட்டு, ஒரு சிட்டிகை மண்ணை இட்டுக் காத்திருந்தார்கள். மற்றவை பட்டினி கிடக்க, காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கத் தெரிந்தவை மட்டும் பெருகின. கண்டுபிடித்த நாள் முதலாக இவ்வுயிர்களுக்குச் சர்க்கரை முன்பணமாகத் தரப்பட்டே வந்திருக்கிறது.

எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு நைட்ரஜன் என்பதுதான் ஒரு கிராணி கேட்கும் கேள்வி. ஆய்வகத்தில் அசோட்டோபாக்டர் ஒரு கிராம் சர்க்கரையை உண்டு ஏறத்தாழ 10 மில்லிகிராம் நைட்ரஜனைச் சேர்க்கும். எல்லாம் கூடிவந்தால் 20 வரை போகும். அப்படியானால் ஒரு கிலோ நைட்ரஜனுக்கு 100 கிலோ சர்க்கரை. ஒரு யூரியா மூட்டையில் இருக்கும் 23 கிலோவுக்கு 2,300 கிலோ சர்க்கரை. தாராளமாகப் பாதி என்று வைத்தாலும் ஒரு டன்னுக்கு மேல். இவ்வளவு வீண்செலவு ஏன் என்று கேட்டால், அதற்கும் காரணம் இருக்கிறது. நைட்ரோஜினேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பட்டால் கெட்டுவிடும். அசோட்டோபாக்டரோ காற்றோட்டமுள்ள மண்ணில் வாழ்வது. எனவே அது சர்க்கரையை அவசர அவசரமாக எரித்து, உள்ளே வரும் ஆக்சிஜனைச் சுவாசித்தே தீர்த்துவிட்டு, அந்த மறைவில் தன் வேலையைப் பார்க்கிறது. ஒரு கையால் பூனையை விரட்டிக்கொண்டே மறு கையால் மோர் கடைபவள் நிலைமை அது. வெண்ணெய் கொஞ்சமாகத்தான் திரளும்.

ஆகவேதான் நிலத்தில் அளந்து பார்க்கும்போது, இப்படித் தனித்து வாழ்ந்து மட்கை உண்ணும் நுண்ணுயிர்கள் தருவது ஓர் ஆண்டுக்கு ஒரு ஹெக்டருக்குப் பொதுவாகச் சில கிலோவாக நின்றுவிடுகிறது. மிகவும் சாதகமான இடங்களில் பத்து, பதினைந்து என்று ஏறலாம். நீர் நிற்கும் நெல்வயலின் நிலைமை வேறு. அங்குள்ள நீலப்பச்சைப் பாசி வெயிலைக் கொண்டு தன் சர்க்கரையைத் தானே சமைத்துக்கொள்வதால், ஒரு போகத்துக்கு ஹெக்டருக்கு 20, 30 கிலோ வரை சேர்க்கக்கூடியது. இந்திய நெல்வயல்களில் அதன் பங்கை டே என்ற ஆய்வாளர் 1939-இலேயே எழுதிவைத்தார். சிலாங்கூரின் செக்கிஞ்சான் வயல்காரருக்கு அது பயன்படும். மேட்டு நிலச் செம்பனையின் நிழலில் அந்தப் பாசியை எதிர்பார்க்க முடியாது.

கட்டுரையில் கண்ட நூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்தப் பெரிய எண் யாருடையது என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் உடனே விளங்கும். அது கொடியினுடையது. மலாயாவில் ரப்பர் பயிரிட்ட தொடக்க காலத்தில் நிரைகளுக்கிடையே ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று துரைமார்கள் கண்டிப்பாக இருந்ததும், நம் பாட்டன் பாட்டிமார் நாள் முழுவதும் குனிந்து களை சுரண்டியதும், மழையில் மேல்மண் கரைந்து ஆற்றோடு போன பிறகுதான் மூடுபயிரின் அருமை தெரிந்ததும் பழைய கதை. பிற்காலத்தில் மறுநடவு என்றாலே பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூன்று கொடிகளின் விதையும் கூடவே வந்துவிடும். 1990-களில் கேரளத்து ரப்பர் தோட்டங்களின் பக்கமிருந்து முகுனா பிராக்டியாட்டா என்ற முரட்டுக் கொடியும் வந்து சேர்ந்தது. விதைப்பதற்கு முன்னால் அந்த விதைகளோடு ஈரமான கரும்பொடி ஒன்றையும் கிறிஸ்மஸ் தீவுப் பாஸ்பேட்டையும் சேர்த்துப் பிசறுவார்கள். அந்தக் கரும்பொடியில் இருந்தது வேர்முடிச்சு நுண்ணுயிரான ரைசோபியம். நானும் வெகுகாலம் அதை ஏதோ பூச்சிமருந்து என்றே நினைத்து, ஸ்டோரில் தனி அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

கொடியின் வேர்முடிச்சுக்குள் வாழும் ரைசோபியத்துக்கு முன்பணக் கவலை இல்லை. மேலே இலை சமைக்கும் சர்க்கரை குழாய் வழியாக நேரே அதன் வாய்க்கு வந்துவிடுகிறது. பூனையை விரட்டும் வேலையையும் செடியே பார்த்துக்கொள்கிறது. முடிச்சுக்குள் ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் ஒரு சிவப்பு நிறப் புரதம் இருக்கிறது; நம் இரத்தத்தின் செந்நிறப் பொருளுக்கு அது நெருங்கிய உறவு. நம்பாதவர்கள் வீட்டு வாசலில் மண்டிக் கிடக்கும் தொட்டாற்சிணுங்கியை, முள் குத்தாமல் பார்த்து, மழை பெய்த மறுநாள் வேரோடு மெல்லப் பிடுங்கிப் பார்க்கலாம். வேரில் கடுகும் கொத்தமல்லி விதையுமாகத் திரண்டிருக்கும் முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு இருக்கும்வரை அங்கே வேலை நடக்கிறது என்று பொருள். இளம் மரங்களுக்கிடையே நன்கு படர்ந்த கொடி முதல் சில ஆண்டுகளில் ஆண்டுக்கு ஹெக்டருக்கு நூறு கிலோவுக்கும் மேலாகத் தழைச்சத்தைச் சேர்ப்பது இந்த ஏற்பாட்டினால்தான். இதே எண்ணைப் புட்டியிலுள்ள அசோட்டோபாக்டருக்குக் கொடுப்பது, தோட்டம் முழுவதும் வெட்டிய குலைகளை ஒரே ஆளின் பெயரில் கூலிப் பதிவேடான செக்ரோலில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

அடுத்ததாக மண். எங்கள் ஊர்ப் பெயரால் ஒரு மண்வகையே வழங்குகிறது என்பதை இங்குள்ள இளைஞர்கள் பலர் அறியார். மண் அளவையாளர்கள் 'ரெங்கம் வரிசை' என்று குறிப்பது, கிரானைட் பாறை சிதைந்து உருவான, நீர் தேங்காத, மஞ்சள் கலந்த பழுப்பு மண். தீபகற்பத்தின் பல மாநிலங்களிலும் அது பரவிக் கிடக்கிறது. இதன் அமிலத்தன்மை மிகுதி. பிஎச் அளவு (ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் இருப்பது வழக்கம். அசோட்டோபாக்டரோ பிஎச் ஆறுக்குக் கீழே போனால் தலைகாட்டத் தயங்கும் சாதி. போதாக்குறைக்கு, அந்த நொதிக்கு வேண்டிய மாலிப்டினமும் அமில மண்ணில் இறுகிக் கிடந்து எளிதில் கிடைக்காது. எனவே எங்கள் மண்ணில் அசோட்டோபாக்டரைக் கொண்டுவந்து ஊற்றுவது, உப்புநீர் மீனைக் குளத்தில் விடுவதைப் போலத்தான் முடியும்.

அப்படியானால் எங்கள் மண் மலடா என்றால், இல்லை. கட்டுரையாளர் ஒரு சொல்லும் சொல்லாமல் விட்ட ஒரு நுண்ணுயிருக்கு இதுதான் சொந்த ஊர். ஆல்ட்சன் என்பவர் 1936-ஆம் ஆண்டிலேயே மலாயா மண்ணிலுள்ள இவ்வகை நுண்ணுயிர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1939-இல் ஸ்டார்க்கியும் டேயும் இந்திய நெல்வயல் மண்ணிலிருந்து அமிலத்தைத் தாங்கும் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். 1950-இல் டெர்க்ஸ் அதைத் தனி இனமாக்கி, பழைய டெல்ஃப்ட் பேராசிரியரின் நினைவாகப் பெய்ஜெரிங்கியா என்று பெயரிட்டார். வெப்ப மண்டலத்து அமில மண்ணில் இது தாராளமாக வாழ்கிறது. மாலிப்டினமும் இதற்குக் குறைவாகவே போதும். மண்ணில் மட்டுமா என்றால், ரூயினன் என்ற டச்சுப் பெண் ஆய்வாளர் 1956-இல் இந்தோனேசியாவில் இலைகளின் மேற்பரப்பிலேயே இதைக் கண்டு எழுதினார். இலையில் ஊறும் சர்க்கரைத் துளிகளே அதற்கு உணவு. மழை விட்ட காலை வேளையில் ஓலையிலிருந்து சொட்டும் நீரைத் துடைத்துக்கொண்டு எத்தனை ஆயிரம் முறை அந்த நிரைகளில் நடந்திருப்பேன் என்று எண்ணும்போது, இத்தனை நாள் கூட வேலை பார்த்த ஒருவரின் பெயரை ஓய்வுபெற்ற பிறகு தெரிந்துகொண்டது போன்ற ஒரு கூச்சம் வருகிறது.

இணையத்தில் தமிழ்நாட்டு வேளாண் காணொளிகளைப் பார்த்து நம் மக்கள் தோட்டம் போடுவது பெருகியிருக்கிறது. நல்லதுதான், நானும் பார்க்கிறேன். ஆனால் அங்கே சொல்லப்படும் அளவுகள், பல இடங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து, பிஎச் ஏழுக்கும் மேலே நிற்கும் மண்ணுக்குரியவை. நெல்லுக்கும் சோளத்துக்கும் வேரை ஒட்டி வாழும் அசோஸ்பைரில்லம் அங்கே பரிந்துரைக்கப்படுவதில் நியாயம் உண்டு. பிரேசிலில் டோபரைனர் அம்மையார் 1970-களில் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு அந்நுண்ணுயிரின் மதிப்பு உயர்ந்தது. வேரைக் கிளைக்கச் செய்யும் ஊக்கப்பொருளை அது சுரப்பதும் அதன் பலனில் ஒரு பங்கு. அதே பொட்டலத்தை ரெங்கம் மேட்டு நிலத்தில் தூவி அதே பலனை எதிர்பார்ப்பதுதான் பொருந்தவில்லை.

ஜீவாமிர்தத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கட்டுரை அதையும் காற்று நைட்ரஜனோடு முடிச்சுப் போட்டிருந்தது. ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் பத்துக் கிலோ சாணம், கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயற்றமாவு, ஒரு பிடி மண் என்பது வழக்கமான அளவு. அதிலுள்ள வெல்லம் முழுவதையும் வேறு எந்த உயிரும் தொடாமல் நைட்ரஜன் பிடிப்பான்களே உண்டன என்று வைத்துக்கொண்டாலும், மேற்படி கணக்குப்படி சேர்வது 20 கிராம், மிஞ்சினால் 40 கிராம் நைட்ரஜன். யூரியாவாகச் சொன்னால் இரண்டு கைப்பிடிகூட இல்லை. மேலும் சாணமும் கோமியமும் பயற்றமாவும் ஏற்கெனவே தழைச்சத்து உள்ள பொருள்கள். அமோனியா கிடைக்கும் இடத்தில் இந்நுண்ணுயிர்கள் நைட்ரோஜினேஸ் நொதியைச் செய்வதையே நிறுத்திவிடும்; பந்தியில் இலை போட்டிருக்கும்போது வீட்டில் யாரும் உலை வைப்பதில்லை. ஜீவாமிர்தத்தால் கீரை செழித்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தச் செழிப்புக்குக் காற்றைக் காரணமாகச் சொல்லாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இனி அந்தப் புட்டி. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு கடையில் 38 ரிங்கிட் கொடுத்துச் சம்பந்தி வாங்கிவந்தார். விற்றவர் யார், எந்த நிறுவனம் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. பகல் முழுவதும் வேனின் பின்புறத்தில் வெந்து, இரவில் மேசைக்கு வந்த புட்டி அது. மூடியைத் திறந்தபோது சோடாப் புட்டியைப்போல் சீறியது. பாகும் புளித்த கள்ளும் கலந்த வாடை. உறையில் ஒரு பச்சை இலை, ஒரு சிரிக்கும் விவசாயி, 'கோடிக்கணக்கான நன்மை செய்யும் உயிர்கள்' என்ற வாசகம். எந்த நுண்ணுயிர், ஒரு மில்லிலிட்டரில் உயிரோடு எத்தனை, எந்த நாள் தயாரித்தது, எத்தனை பாகை வெப்பத்துக்குள் வைக்க வேண்டும் என்ற நான்கில் ஒன்றும் இல்லை. யூரியாவோடு சேர்த்து இட்டால் பலன் இரட்டிப்பு என்று மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மேலே சொன்ன உலைக் கதையை நினைத்தால், அந்த ஒரு வரியே விற்பவருக்குத் தன் சரக்கைப் பற்றித் தெரியாது என்பதற்குச் சான்று.

சம்பந்தியோடு வாய்ச்சண்டை போட்டுப் பயனில்லை என்று, நான்காம் படிவத்தில் உயிரியல் படிக்கும் பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு சிறு சோதனை செய்தேன். வினோகிராட்ஸ்கி கையாண்ட பழைய முறைதான், சமையலறையிலேயே செய்யலாம். வீட்டுக்குப் பின்னால் மூன்று ஆண்டுகளாகச் செம்பனை மட்டைகளை அடுக்கிவரும் இடத்தில், மக்கிய மட்டைக்கு அடியிலிருந்து ஒரு பிடி மண். களைக்கொல்லி அடித்து மொட்டையாக்கிய நடைபாதையிலிருந்து ஒரு பிடி. இரண்டையும் தனித்தனியே சலித்து, நூறு கிராமுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் மரவள்ளி மாவு கலந்து, பிசைந்த கோதுமை மாவின் பதம் வரும்வரை தண்ணீர் விட்டு, பீங்கான் சாசர்களில் அழுத்தி, கரண்டியின் முதுகை நனைத்து மேற்பரப்பைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கிவிட்டோம். ஒவ்வொரு மண்ணிலும் இன்னொரு சாசருக்கு மட்டும் சுண்ணக்கட்டித் தூள் சேர்த்தோம். அது அமிலத்தைத் தணிப்பதற்கு. எல்லாவற்றையும் தட்டால் மூடி, ஈரம் காயாமல், வெயில் படாத அலமாரியில் வைத்தோம்.

நான்கு நாள் வரை ஒன்றுமில்லை. நடைபாதை மண்ணில் பூஞ்சணம் பூத்து, சாம்பல் நிறத்தில் மயிர்விட்டது. எட்டாம் நாள் காலை, மட்டையடி மண்ணில், சுண்ணக்கட்டித் தூள் சேர்க்காத சாசரில், விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது ஜவ்வரிசி அளவில் ஏழெட்டுப் பளபளப்பான குமிழ்கள் தெரிந்தன. பேரன் பல்குத்தும் குச்சியால் ஒன்றைத் தொட்டுத் தூக்கினான். அது அறுபடாமல், வெண்டைக்காயின் வழவழப்பைப்போல் நீண்டு, குச்சியை விட்டுவிட்டு மறுபடியும் தன் இடத்துக்கே சுருங்கிப் போய் உட்கார்ந்தது. இரண்டு வாரத்தில் அந்தக் குமிழ்கள் தேநீர்ச் சாயத்தை ஏற்றிக்கொண்டன. பெய்ஜெரிங்கியாவின் கூட்டங்கள் மெதுவாக வளரும், பசைபோல் இழுபடும், நாளானால் நிறம் மாறும் என்று படித்ததற்கு இது ஒத்துவருகிறது. ஆயினும் சாசரில் பளபளப்பு தெரிந்ததனாலேயே காற்று நைட்ரஜன் பிடிக்கப்பட்டுவிட்டது என்று ஆகிவிடாது; பசை சுரக்கும் நுண்ணுயிர்கள் வேறு பலவும் உண்டு. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், அசெட்டிலீன் வாயுவை எத்திலீனாக மாற்றுகிறதா என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். நைட்ரோஜினேஸ் நொதிக்கு அந்த வேலையும் தெரியும் என்பதால் 1960-களிலிருந்து அதுவே வழக்கமான சோதனையாக இருந்துவருகிறது. சம்பந்திக்கு நான் காட்ட விரும்பியது இவ்வளவுதான்: அவர் 38 ரிங்கிட் கொடுத்துத் தேடிய வகையறா, அவர் வீட்டுக் கொல்லையிலேயே மட்டைக்கு அடியில் குடியிருக்கக்கூடும்.

மட்டைக்கு அடியில் ஏன், நடைபாதையில் ஏன் இல்லை என்பதில்தான் காரியம் இருக்கிறது. முதிர்ந்த செம்பனையில் ஆண்டுதோறும் வெட்டி விழும் மட்டைகள் ஒரு ஹெக்டருக்கு உலர் எடையில் சுமார் பத்து டன் இருக்கும். அதில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து சொற்பம். பூஞ்சைகளும் கறையான்களும் அந்த நாரை உடைத்துச் சர்க்கரையாக்க, தழைச்சத்துக்குத் தட்டுப்பாடுள்ள அந்த இடத்தில் காற்றிலிருந்து எடுக்கத் தெரிந்தவனுக்கே மேல்கை கிடைக்கிறது. கறையானின் குடலுக்குள்ளேயே நைட்ரஜன் பிடிக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்பதைச் சொன்னால், கறையானைக் கண்டதும் மண்ணெண்ணெய் தேடும் நம் வீட்டுப் பெண்கள் என்னை ஏசுவார்கள். அவை சேர்ப்பதும் உடனே மரத்துக்குப் போய்விடுவதில்லை. நுண்ணுயிரின் உடம்புக்குள் இருந்து, அது செத்து மக்கிய பிறகே வேருக்குக் கிடைக்கும். அதனால் மட்டைத் தூளைப் புதிதாகக் கீரைப் பாத்தியில் புதைத்துவிட்டுக் கீரை வெளுக்கிறதே என்று என்னிடம் வராதீர்கள். மட்கும் வேலை முடியும்வரை நுண்ணுயிர்கள் பாத்தியில் உள்ள தழைச்சத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் இன்றும் சனிக்கிழமை மாலையானால் வீட்டுக்கு வீடு சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். திறந்தவெளியில் எரிப்பதைச் சட்டம் தடுப்பது ஒருபுறம் இருக்க, கொளுத்துவது அந்நுண்ணுயிர்களின் சாப்பாட்டை. அதைக் கொளுத்திவிட்டு, புட்டியில் நுண்ணுயிர் வாங்கிவந்து மொட்டை மண்ணில் ஊற்றுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. மட்டையை நிரைக்கு நடுவே அடுக்கிவையுங்கள். யூரியாவையோ அமோனியம் சல்பேட்டையோ அந்த அடுக்கின் மேல் கொட்டாமல் மரத்தைச் சுற்றிய வட்டத்தில் இடுங்கள். மண் பரிசோதனையில் அமிலம் கடுமையாகத் தெரிந்தால் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள் போடுவதைப் பற்றி யோசியுங்கள். மாலிப்டினமும் அப்போது சற்றுத் தளரும். மறுநடவு செய்கிறவர்கள் கொடி விதைக்கு ஆகும் செலவைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். நூறு கிலோ வேண்டுமென்றால் அது அங்கேதான் கிடைக்கும். இவை எதுவும் உர மூட்டையை முழுவதுமாக நிறுத்திவிடாது. குலை வெட்டி வெளியே அனுப்பும் ஒவ்வொரு டன்னோடும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் லாரியேறிப் போய்க்கொண்டிருக்கும்போது, ஆண்டுக்குச் சில கிலோ வரவை வைத்துக்கொண்டு அந்தப் பற்றை அடைக்க முடியாது.

ஆகவே, சென்ற ஞாயிறு கட்டுரையின் நான்காம் பத்தியில் கண்ட எண் வேர்முடிச்சுக் கொடிகளுக்குரியது என்றும், தனித்து வாழும் நுண்ணுயிர்களுக்கு அது பொருந்தாது என்றும் ஒரு திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரக் கடைசிக்குள் வந்தால் நலம். சம்பந்தியிடம் இன்னும் அரைப் புட்டி மீதி இருக்கிறது. அடுத்த பாசார் மாலாமில் இன்னும் இரண்டு வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னால் கேட்கமாட்டார். பேப்பரில் வந்தால் கேட்பார்.

இங்ஙனம்,
பணி ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
ரெங்கம், ஜொகூர்.